எதிர்வரிசையில் மகள்

வடிவமைப்புப் போட்டிக்கான கட்டட மாதிரியை ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில்தான் கீ-ஹூனின் கட்டைவிரல் நுனி துண்டானது. பல நாளாக அவன் வீட்டுக்கே போகவில்லை. அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவன் கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிட்டான். கத்தி தூங்கவில்லை.

சியோலில், சோங்சு பகுதியின் பழைய செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தது எங்கள் கட்டடக்கலை அலுவலகம். குழுத்தலைவி நான்; கீ-ஹூன் என் குழுவில் இருந்தான். மருத்துவமனையிலிருந்து முதலாளி சோக்கை அழைத்தேன்.

"விரல் துண்டாயிடுச்சு சார். தைக்கறாங்க."

"ஐயையோ" என்றார். பிறகு, "மாதிரியில ரத்தம் படலையே?"

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

"பட்டிருந்தா கூரையை மட்டும் மாத்திடு. மதியத்துக்குள்ள முடியுமில்ல?"

கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். 'கட்டடம்னா முதல்ல மனுஷன்' என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இங்கே வேலைக்கு வந்தேன். கூடுதல் நேரத்துக்கான கூலி சம்பளத்திலேயே அடக்கம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். விடிய விடிய வரைந்தாலும் அதே சம்பளம்தான். அதையும் பெருமையாகவே நினைத்திருந்தோம்.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தெருமுனையில் கிம்பாப் என்னும் சோற்றுச்சுருள் விற்கும் கடையில் கூடினோம். தொழிற்சங்கம் தொடங்குவதென்று பேச்சு. பாதியில் கதவைத் தள்ளிக்கொண்டு ஆ-ரின் வந்தாள். சோக்கின் ஒரே மகள். எங்களோடு கடைநிலையில் வரைபவள்.

"உளவு பாக்க வந்தாச்சு. சாப்பாடும் நம்ம செலவுலதான்" என்று எங்கள் குழுவின் தோ-க்யூ முணுமுணுத்தான்.

அவள் உட்கார்ந்தாள். "என்னையும் சேத்துக்கங்க அக்கா."

"உங்கப்பாவுக்கு எதிராவா?"

"வீட்லதான் அவர் அப்பா. இங்க சார். எனக்கும்தான் ஓவர்டைம் கெடையாது." பிறகு குரல் தாழ்ந்தது. "கீ-ஹூன் அண்ணன் விரலைத் துணியில சுத்தி எடுத்துட்டு ஓடினது நான். அன்னிக்கு வீட்ல அப்பா அவரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலக்கா."

தோ-க்யூ தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

சங்கம் தொடங்கியபின் நிர்வாகத்தோடு முதல் பேச்சுவார்த்தை நாளன்று, சோக் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். "என்னப்பா, குடும்பத்துக்குள்ளயே பஞ்சாயத்தா?" அப்போதுதான் எங்கள் வரிசையில் மகளைப் பார்த்தார். இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள் என்றே நினைத்திருக்க வேண்டும்.

"ஆ-ரின், இந்தப் பக்கம் வாம்மா."

"நான் சரியான பக்கம்தான் இருக்கேன் சார்."

அலுவலகத்தில் அவள் எப்போதும் அப்படித்தான் அழைப்பாள். அன்று அந்தச் சொல் அவரை அறைந்தது. காபித் தட்டை மேசையில் வைக்கவும் தோன்றாமல் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கடைசியில் என்னிடம் கேட்டார்: "இவளுக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

தொங்கவிட்டால் வலிக்கும் என்பதால் கீ-ஹூன் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்திருந்தான். அதை அவர் முதன்முறையாகப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"ராத்திரியில சார்."

அன்று வேறு பேச்சு நடக்கவில்லை. பிறகு பலமுறை உட்கார்ந்தோம், சண்டையும் போட்டோம். வசந்தம் வந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தானது. கூடுதல் நேரத்துக்குத் தனிக்கூலி. அவசரப் போட்டிகள் எடுப்பதில்லை. விரல் துண்டான அந்தப் போட்டியில் நாங்கள் ஜெயிக்கவும் இல்லை. கீ-ஹூனுக்கு விரல் நுனியில் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

ஆ-ரின் வீட்டைவிட்டு வெளியேறி, தனியாக அறை எடுத்துக்கொண்டாள்.

நேற்று லிஃப்டில் சோக்கும் நானும் மட்டும் இருந்தோம். என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அவ எங்க தங்கியிருக்கா, உனக்குத் தெரியுமா?"

தெரியும். நான் சொல்லவில்லை.