இடது பக்கம் பார்க்க ஓர் ஆள்

தாராவி கிராஸ் ரோடு சந்தில் குடியிருக்கும் சுடலைக்கண்ணனின் இரும்புக் கட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவரைச் சுமந்துகொண்டு வாஷி பாலம் வரை போய்விட்டு மாலை டீக்கு வீடு திரும்பியது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்து அது. அதற்குள் கட்டில் எப்படி நுழைந்து வெளியேறியது என்று யாரும் கேட்கவில்லை. அதே சந்தில் பிரிட்ஜும் பீரோவும் வந்திருக்கின்றன, பிணமும் போயிருக்கிறது. நுழையாது என்று சொல்லிக்கொண்டிருந்தால் நம்மைப் போன்றவர்கள் இங்கே குடித்தனம் நடத்த முடியாது. கட்டில் சயான் சிக்னலில் சிவப்புக்கு நின்றது. செம்பூரில் மேம்பாலம் ஏறாமல் கீழேயே போனது. மான்கூர்டில் ஒரு தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டது. அவ்வளவு நேரமும் சுடலைக்கண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

திசையன்விளைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, மும்பைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே லாரி ஓட்டியே வயசைத் தீர்த்தவர் அவர். பாதி இந்தியாவைப் பார்த்தவன் என்று அவரே பீற்றிக்கொள்வார்; பார்த்ததெல்லாம் முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைத்தான் என்று அவரே ஒப்புக்கொள்ளவும் செய்வார். மகள் கீதா பிறந்தபோது ஹூப்ளியில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தார். அவளுக்குக் காது குத்தியபோது சித்ரதுர்காவில் மழைக்கு ஒதுங்கியிருந்தார். கல்யாணத்துக்கு மட்டும் முந்தின நாளே வந்து சேர்ந்து எல்லோரையும் அசத்தினார். ஆனால் தாலி கட்டும் நேரம் பார்த்து, மண்டப வாசலில் எவனோ வேனைப் பின்னால் எடுக்கத் திணற, பொறுக்க முடியாமல் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், கெட்டிமேளத்தைக் காதால் மட்டும் கேட்டார். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மனைவி பிரேமலதாவிடம், அடுத்த டிரிப்பில் உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பார். ஊருக்குப் போகும் ரயிலை விட்டால், விக்ரோலியில் இருக்கும் அக்காள் வீடு வரைதான் பிரேமலதா போயிருக்கிறாள்.

போன வருஷம் சர்க்கரை ஏறி வலது கால் மரத்துப்போனது. பிரேக் எது, ஆக்சிலரேட்டர் எது என்று காலுக்கே தெரியாமல் போனதும் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டிலோ தூக்கம் வரவில்லை. மாற்று டிரைவர் ஓட்ட, குலுங்கும் கேபினில் தூங்கிப் பழகிய உடம்பு அது. அசையாத கட்டிலில் கண் செருகும்போதெல்லாம், வண்டி பிரேக்டவுன் ஆகிவிட்டதென்று பதறி எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்து, கன்னம் ஒட்டி, பார்க்கச் சகிக்காமல் ஆனார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டிய பிரேமலதா, கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தேங்காயைச் சுற்றி வாசலில் உடைத்தாள். டிரைவர் பெண்டாட்டிக்குத் தெரிந்த ஒரே பூஜை அதுதான். அது வண்டியை வழியனுப்புகிற பூஜை, நிறுத்தி வைக்கிற பூஜை அல்ல என்பது, கணவர் ஏறிப் படுத்து நான்கு பழமும் நசுங்கி, அந்தச் செவ்வாய்க்கிழமை கட்டில் கிளம்பின பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. தினமும் மதியம் சாப்பிட்டுப் படுத்தால் கட்டில் கிளம்பும், விளக்கு வைப்பதற்குள் திரும்பும். பக்கத்து வீட்டில் தோல் பை தைக்கும் காசிம்தான் முதலில் வாய்விட்டார். "அண்ணாச்சி, காலியாவா போறிய? குர்லாவுல ஒரு மூட்ட எறக்கணும், கால்மாட்டுல போட்டுக்கிடட்டா?" லோடு இல்லாமல் வண்டி போவது டிரைவருக்கு இழுக்கு என்பதால் சுடலைக்கண்ணன் மறுக்கவில்லை. காசிமின் மனைவி நஜ்முன்னிசா கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கறிவேப்பிலை கேட்டாள்; கடைக்காரர் கட்டை அவர் வயிற்றின் மேல் வைத்து அனுப்பினார். ஒரு குறைதான். கட்டில் திரும்பும்போதெல்லாம் இடது பக்கம் புதிதாக ஒரு சிராய்ப்பு இருந்தது. லாரியில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். இடது ஓரத்தில் என்ன இடிக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியாது, பார்த்துச் சொல்ல கிளீனர் வேண்டும். கட்டிலுக்குக் கிளீனர் கிடையாது. கனவில் அவர் சாத்தாரா மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருப்பார், பக்கத்து இருக்கை காலியாகக் கிடக்கும்.

கறிவேப்பிலை வந்த அன்று பிரேமலதாவுக்குப் பொறுக்கவில்லை. "முப்பது வருசமா லாரியில ஏறி ஓடுனிய. பொழப்புன்னு விட்டுட்டேன். இப்ப கட்டில்லயும் ஏறி ஓடுதிய. இன்னொரு தடவ இது வாசலத் தாண்டட்டும், திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன். அக்கா வீட்டுக்குப் போயிருவேன், பொறவு வர மாட்டேன்." அழாமல் சொன்னாள், அதனால்தான் அவர் பயந்துபோனார். இத்தனை வருஷம் வீடு திரும்புகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது, இவள் வந்து கதவைத் திறப்பதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அவர் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போனவர் இல்லை.

மறுநாள் கட்டிலை நீல நிற தண்ணீர் டிரம்மோடு சங்கிலி போட்டுப் பூட்டினார். தூங்கவே கூடாதென்று பச்சை மிளகாயைக் கடித்தார், முகத்தில் தண்ணீர் அடித்தார், பழைய டோல்கேட்டுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். இமை கொட்டாமல் விடிய விடிய மலை இறங்கியவன் நான், ஒரு மதியத்தைத் தாண்ட மாட்டேனா என்று மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் மத்தியானம் பிரேமலதா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். கோலாப்பூர் டோல் வரும் முன்பே அவர் தலை சாய்ந்துவிட்டது. கட்டில் டிரம்மையும் இழுத்துக்கொண்டு கிளம்ப, சந்து முழுக்கத் தண்ணீர் சிந்தியது. அன்றைக்குத் தண்ணீர் வராத நாள் வேறு. சந்தே திரண்டு அவரைத் திட்டியது. அவர் குறட்டை விட்டார்.

பிரேமலதா துணிப்பையில் நான்கு சேலையை வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினாள். விக்ரோலி பஸ்ஸுக்காக சயான் சர்க்கிளுக்கு நடந்தவள், அங்கே வண்டிகளெல்லாம் ஒன்றாக ஹாரன் அடிப்பதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஒரு பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நடுவே கட்டில் சிக்கி நின்றது. கட்டிலின் இடது கால் டெம்போவின் பம்பரில் மாட்டியிருந்தது; டிரம் வழியிலேயே எங்கோ கழன்றுபோய், சங்கிலி மட்டும் தொங்கியது. தூக்கத்திலேயே சுடலைக்கண்ணனின் கை இடது பக்கம் காற்றில் துழாவியது. "லெஃப்ட் பாரு... லெஃப்ட் பாரு..." என்று முனகிக்கொண்டிருந்தார். இந்தக் கட்டில் யாருடையது என்று டிராஃபிக் போலீஸ்காரர் இந்தியில் அதட்டினார். பிரேமலதா ஒரு கணம் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். விட்டுவிட்டுப் போவதென்றால் இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. "அப்னாச் ஹை சாப்" என்றாள், நம்முடையதுதான் என்று.

பையைக் கால்மாட்டில் போட்டு, கட்டிலின் இடது ஓரத்தில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் நைன்டி ஃபீட் ரோட்டில் லாரி வந்து நிற்கும்போது கிளீனர் போடும் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் உலை வைப்பாள். அந்தச் சத்தம் அவள் தொண்டையில் தயாராக இருந்தது. "ஆனே தோ... ஆனே தோ... கொஞ்சம் வலது ஒடிங்க... வரட்டும், வரட்டும்..." கட்டில் நூல் பிடித்த மாதிரி வெளியே வந்தது. கனவில், மலைப்பாதையில், பக்கத்து இருக்கையில் யாரோ ஏறிக்கொண்டதைச் சுடலைக்கண்ணன் கண்டார்.

"எங்க போவணும்?" என்றார் கண் திறக்காமல்.

"விக்ரோலிக்கு."

"லோடு?"

"நான்தான் லோடு."

கட்டில் ஒரு சிக்னலைத் தாண்டியது. பிறகு பயந்து பயந்து கேட்டார். "திரும்பி வர லோடு உண்டா?"

பிரேமலதா இடது பக்கம் எட்டிப் பார்த்தாள். ஓரமாக வந்த ஒரு ஆட்டோவை முதலில் போகவிட்டாள். "அதே லோடுதான். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

விக்ரோலியில் அக்காள் சொர்ணம்மாள் தெருவில் நின்ற கட்டிலைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் டீயோடு வந்தாள். தங்கச்சி பையைப் பிரிக்கவே இல்லை. அன்று முதல் கட்டிலில் புதுச் சிராய்ப்பு கிடையாது. டிரம் திரும்பக் கிடைக்கவில்லை, சந்துக்காரர்கள் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். காசிமின் மூட்டை இப்போதும் போகிறது, ஆனால் இடது பக்கம் வைக்கக் கூடாது. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் விளக்கு வைத்த பிறகு வரலாம். இரண்டு நாளாக வீடு பூட்டியிருந்தால் லோனாவ்லா பக்கம் போயிருப்பார்கள். அங்கே மழை நன்றாக இருக்கும் என்று அவர் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவளும் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள்.