ஆறு மணிக்குச் சாப்பிட வந்தவர்கள்

1993ஆம் ஆண்டுக் குளிர்காலம் தொடங்கி, நியூசிலாந்தில் ஆக்லாந்தின் மனுரேவாவில் சற்குணம் வீட்டுக்கு நாள்தோறும் மாலை ஆறு மணிக்குப் பட்டினியால் இறந்தவர்கள் சாப்பிட வந்தார்கள். ரயில் நிலையப் பக்கமிருந்து நடந்து வருவார்கள். ஆனால் அந்த நேரத்து ரயிலில் அப்படி யாரும் வந்திறங்கியதாகத் தெரியவில்லை. வெறுங்கால். தலையைச் சுற்றித் துணி. உதறினால் மணல் கொட்டும். முன்கதவால் வந்து, லவுஞ்சில் கார்ப்பெட்டின்மேல் சுவரோரமாக வரிசையாய் உட்காருவார்கள். போட்டதைச் சாப்பிட்டு, லாண்ட்ரித் தொட்டியில் கை கழுவி, வந்த வழியே போவார்கள். கேட்டால் பதில் சொல்வதில்லை. இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. நம்மவர்களின் பிறந்தநாள் விழா எதையும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

அவர்கள் வரக் காரணமாயிருந்தவர் இத்ரிஸ். சற்குணம் யாழ்ப்பாணத்துக்காரர், ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையொன்றில் மெஷின் ஓட்டுபவர். அங்கே வாளிகளை அடுக்கிக் கட்ட வந்த இத்ரிஸுக்குத் தங்க இடமில்லை என்றறிந்து, கராஜை ஒட்டிய அறையை அவருக்கு வாடகைக்குக் கொடுத்தார். இத்ரிஸின் நாடு பெரும்பாலும் பாலைவனம். வரைபடத்தில் அதன்மேல் பெயர் எழுதத் தாராளமாக இடமிருக்கும். வேறு எழுத அதிகமில்லை. அங்கே அவர் அரசாங்க வானொலியில் செய்தி வாசித்தவர். மழை வருடக்கணக்கில் பொய்த்து, கால்நடையெல்லாம் செத்து, சனங்கள் தோல்வாரை அவித்துத் தின்ற காலத்தில், தானியம் போதிய அளவு கையிருப்பில் உள்ளது என்று வாசிக்கச் சொல்லித் தாள் வந்தது. இத்ரிஸ் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, சனங்கள் பசியால் சாகிறார்கள் என்று வாசித்தார். பசி என்ற சொல்லுக்கு அந்த வானொலியில் தடை. பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு ஆட்சி கவிழ்ந்தது. புதியவர்கள் சிறைக்கதவைத் திறந்து, மாலை போடாத குறையாக அவரை வானொலிக்கு அழைத்துப்போய், அதே நாற்காலியில் உட்கார வைத்து, அதே தாளைக் கையில் கொடுத்தார்கள். மேலேயிருந்த சின்னம் மட்டும் மாறியிருந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர்தான், எல்லை தாண்டும்வரை நிற்கவில்லை.

சற்குணத்தின் மனைவி புஷ்பவதிக்கு ஆனந்தராசா என்று ஒரே தம்பி. கால்பந்து ஆடும் பந்தடிக்காரர், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. 1990இல் கொழும்பில் தங்கியிருந்த அறையிலிருந்து விசாரணை என்று சொல்லி அவரைக் கூட்டிப்போனார்கள். போய்க் கேட்டபோது, அப்படி ஒருவரையும் கூட்டிவரவில்லை என்றார்கள். அன்றிலிருந்து புஷ்பவதி உலையில் ஒரு பேணி அரிசி கூடப் போட்டார். அந்தச் சோற்றைக் கறிகளோடு ஒரு தட்டில் போட்டு, மூடி, மேசையில் வைப்பார். நியூசிலாந்துக்கு வந்தபின்னும் அது மாறவில்லை. ஆனந்தராசா வந்தால் சாப்பிடலாம். வராவிட்டால் மறுநாள் மைனாக்களுக்கு. ஆக்லாந்தில் காகம் கிடையாது.

இத்ரிஸ் குடிவந்த அன்று அவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவருடைய ஊரில், சோற்றில் கை வைக்குமுன் யாராவது வாசலுக்குப் போய், பசித்தவர் எவராயிருந்தாலும் வரலாம் என்று வெளியைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். மேசையில் மூடியிருந்த தட்டைப் பார்த்த இத்ரிஸ், வழிப்போக்கருக்கு எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார். தானே எழுந்துபோய், தன் பாஷையில், செய்தி வாசிக்கும் குரலில் கூப்பிட்டார். ஒரு நாடு முழுக்கக் கேட்டுப் பழகிய குரல் அது. சொதி ஆறுமுன் அவர்கள் வந்துவிட்டார்கள்.

இத்ரிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார், "அக்கா, இவர்களை எனக்குத் தெரியும். முதலில் வந்தவரை நான்தான் புதைத்தேன்." புஷ்பவதி அப்போது பயப்படவில்லை. வந்தவர்களை நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று இன்னொரு உலை வைத்தார். மூடிய தட்டை மட்டும் தொடவேண்டாம் என்று கையால் காட்டினார், அவர்களும் தொடவில்லை. பயம் பாத்திரம் கழுவும்போதுதான் வந்தது. செத்தவர்கள் இந்த வாசலால் வருவார்களென்றால், ஆனந்தராசாவும் ஒருநாள் வரலாம். வந்தால் அவன் செத்துவிட்டான். வராதவரை எங்கேயோ உயிரோடு இருக்கிறான். அன்றுமுதல் ஐந்தரை மணியானால் புஷ்பவதிக்கு இருப்புக் கொள்ளாது. திரைச்சீலையை விலக்குவார், மூடுவார், அடுப்புக்கு ஓடுவார், திரும்பவும் வந்து எட்டிப் பார்ப்பார். அகலத் தோளோடு யாராவது வருகிறார்களா என்றுதான் பார்ப்பார். வந்தவர்கள் எல்லோரும் கொடிக்கம்பு போல இருந்தார்கள்.

வருடங்கள் ஓடின. இத்ரிஸின் நாட்டில் ஒரு தேர்தல் நடந்தது, இன்னொரு கவிழ்ப்பு நடந்தது. வானொலி எதுவும் சொல்லவில்லை. வந்தவர்களின் வரிசை சமையலறைவரை நீண்டது. பக்கத்தில் யாரோ முறையிட்டு நகரசபையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். இவர்கள் இங்கே படுப்பதுண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், மழைநீர் வடிகானுக்குள் மணல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மணலைச் சற்குணம் கராஜுக்குப் பின்னால் குவித்தார். அடுத்த வீட்டு டோங்காக்காரர் அதை அள்ளித் தன் டிரைவ்வேக்குப் போட்டார். பாலைவன மணலில் சிப்பி எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டார், சற்குணத்துக்கு நேரமில்லை. தமிழ்ச் சங்கம் இதைப்பற்றிக் கூட்டம் போட்டு, யார் தலைமை தாங்குவது என்பதிலேயே கலைந்தது. ஆனால் அரிசி மூட்டைகள் வந்தன. ஆட்கள் வாயால் கெட்டவர்களே தவிர, கையால் நல்லவர்கள்.

தெருக்கோடியில் இருந்த ஜோசபின், மலேசியக்காரர், தினமும் வந்து பரிமாறினார். கண்ணாடி அறைக்குள் ஹீட்டர் போட்டு அவர் வளர்த்த கறிவேப்பிலைதான் அந்தப் பானைகளுக்கெல்லாம் போனது. "அக்கா, இவங்க எவ்ளோ போட்டாலும் பசியாறவே மாட்டேங்கிறாங்க லா," என்றார் அவர். உண்மைதான். அவர்கள் மிளகாய்க் காம்பு, பட்டை, கறிவேப்பிலை எதையும் மிச்சம் வைக்காமல் தின்றார்கள். தட்டுகள் கழுவியதுபோல வரும். ஆனாலும் எழுந்து போகும்போது முகத்தில் வந்தபோதிருந்த அதே பசி இருக்கும். ஒரே ஒரு தட்டின் ஓரத்தில் மட்டும் கறிவேப்பிலை ஒதுக்கி வைத்திருக்கும். புஷ்பவதி அதைக் கவனித்தார், கவனிக்கவில்லை என்றும் சொல்லலாம். தமிழர் வீட்டில் கறிவேப்பிலை ஒதுக்கிய தட்டைப் பார்த்து யார் யோசிப்பார்கள்? புருஷன் ஒதுக்குவார், மகள் சிவானி ஒதுக்குவாள், அவரே ஒதுக்குவார்.

சற்குணம் பொறுமைசாலி. ஆனாலும் ஒவ்வொரு மாலையும் மனைவி படும் பாட்டைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. 1997இல் ஒருநாள், ஐயரைக் கூப்பிட்டு மச்சானுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடிப்போம் என்று மெல்லச் சொன்னார். புஷ்பவதி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"செத்தவையெல்லாம் இந்த வாசலாலதான் வருகினம். நான் ஒவ்வொரு முகமாப் பாக்கிறன். அவன் வரேல்லை. பிறகு எப்பிடி என்ரை தம்பி செத்தவன் எண்டு சொல்லுவீங்கள்?"

அந்தப் பேச்சைச் சற்குணம் மறுபடி எடுக்கவில்லை, மூடிய தட்டும் மேசையிலேயே இருந்தது.

1998 ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. புஷ்பவதி விரதம், வாயில் பச்சைத்தண்ணீர் தவிர எதுவுமில்லை, ஆனால் வருகிறவர்களுக்குச் சமைத்தார். கடைசி நாளன்று சற்குணத்துக்கு மாலை வேலை. சிவானி பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தாள். ஜோசபின் பரிமாறிவிட்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டார். வரிசை பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது இத்ரிஸ் தன் அறையிலிருந்து சிற்றலை ரேடியோவைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். அவருடைய நாட்டில் மூன்றாவதாக வந்த ஆட்சி அன்று ஓர் அறிக்கை விட்டிருந்தது. லவுஞ்சின் நடுவில் நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, அவர்களுடைய பாஷையில், செய்தி வாசிக்கும் குரலில் அதை அவர்களுக்குச் சொன்னார்: அந்த ஆண்டுகளில் பசி இருந்தது. அரசாங்கம் அதை மறைத்தது. செத்தவர்கள் பசியால் செத்தார்கள். சொன்னவர்களைச் சிறை வைத்தது குற்றம்.

யாரும் அழவில்லை. ஒரு கிழவர் தட்டைத் தள்ளி வைத்து ஏப்பம் விட்டார். அடுத்தவரும் தள்ளி வைத்தார். ஐந்து வருடத்தில் முதல்முறையாகத் தட்டுகளில் சோறு மிச்சம் இருந்தது. கை கழுவி, புஷ்பவதிக்கு முன்னால் ஒவ்வொருவராக நின்று நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்துவிட்டு, வெளியே போனார்கள். இத்ரிஸ் அவர்களோடு கேட்வரை போனார்.

புஷ்பவதி தட்டுகளை எடுத்தார். எல்லாத் தட்டிலும் சோறு இருக்க, லாண்ட்ரிக் கதவோரம் இருந்தது மட்டும் வழித்துத் தின்றிருந்தது. ஓரத்தில் கறிவேப்பிலை. வழக்கம்போல, புருஷன் சாப்பிட்டது என்று அடுக்கப் போனவரின் கை நின்றது. அவர் வேலையில். மகள் முகாமில். தான் விரதம். ஜோசபின் ஒரு வாய்கூட வைக்காமல் போனவர்.

நிமிர்ந்து பார்த்தார். வரிசையின் கடைசியில் ஒருவர் எழும்பாமல் இருந்தார். முதல்நாள் தொடங்கி அந்த மூலையில்தான் இருந்தார். மெலிந்து, மற்றவர்களைப் போலவே கன்னம் ஒட்டி, தலைத்துணியால் நெற்றியை மூடி. புஷ்பவதி பந்தடிக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். பட்டினி போட்டுக் கொன்றவர்கள் பந்தடிக்காரரை மிச்சம் வைத்திருக்கவில்லை. காலடியில் கிடந்த மணலில் பொடிச் சிப்பி மினுங்கியது. அவர் புஷ்பவதியைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த மூடிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை மாலை, இத்தனை வருடம், கைக்கெட்டும் தூரத்தில். புஷ்பவதி போய்த் தட்டை எடுத்துவந்து, கீழே உட்கார்ந்து, மூடியைத் திறந்தார்.

"உன்ரை சாப்பாட்டை மூடி வச்சிட்டு, உன்னை வந்தாக்களோட இருத்திப் போட்டிருக்கிறன், ராசா," என்றார்.

ஆனந்தராசா சோற்றைக் குழைத்தார். கறிவேப்பிலையை ஓரத்தில் ஒதுக்கினார். புஷ்பவதி அப்போதுதான் அழுதார், வாய்விட்டு, கேட்டில் நின்ற இத்ரிஸுக்குக் கேட்கும்படி.

மறுவருடம் இத்ரிஸ் தன் நாட்டுக்குத் திரும்பிப்போய், அதே நாற்காலியில் உட்கார்ந்து, மழை பெய்தால் பெய்தது என்றும் பெய்யாவிட்டால் பெய்யவில்லை என்றும் வாசித்து வருகிறார். சற்குணம் ஐயரைக் கூப்பிட்டு எல்லாம் முறையாகச் செய்தார். ஆனாலும் ஆனந்தராசாவின் பசி ஆறவில்லை. அவரைக் கூட்டிப்போன நாட்டின் வானொலி இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆகவே அவர் ஆறு மணிக்கு வருகிறார், இப்போது மேசையில் உட்காருகிறார், "ஹாய் மாமா," என்று சிவானி ஒதுங்கி இடம் விடுகிறாள். புஷ்பவதி திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பதில்லை. கறிவேப்பிலையை உருவாமல் இணுக்கோடு போடுகிறார், தம்பி ஒதுக்குவதற்கு லேசாக இருக்கட்டும் என்று.