பதினோரு டிகிரி சரிவு

உச்சிப் பாயில் நின்ற ஒருவன் "சரி" என்று சொன்னதால் மூன்று பாய்மரங்கள் கொண்ட அந்தக் கப்பல் இடப்பக்கமாகப் பதினோரு டிகிரி சரிந்தது. அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. அன்று காற்று இல்லை, அலை இல்லை. கயிறு விலை கொஞ்சம் ஏறியிருந்ததைத் தவிர விசேஷமாக எதுவும் இல்லை. தச்சர்கள் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். சரக்கை வலப்பக்கம் மாற்றி அடுக்கினார்கள். எதற்கும் கப்பல் நிமிராததால், குழம்பு வழியாமல் இருக்கச் சமையல்காரர் அடுப்பின் இரண்டு காலுக்குக் கட்டை வைத்தார், கப்பல் சரிந்தபடியே மறுபடி ஓட ஆரம்பித்தது. கப்பல் தலைவர் குறிப்பேட்டில், "காற்று இல்லை. சரிவு பதினோரு டிகிரி. காரணம், பேச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உச்சிப் பாய் இரண்டு பேர் வேலை. கயிற்றேணியில் ஏறி, பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையில் ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். காலுக்கடியில் ஒரே ஒரு கயிறு. ஒருவன் மிதித்தால் அடுத்தவன் ஒரு சாண் எழும்புவான். அதனால் எதையும் கேட்டுத்தான் செய்வார்கள், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வதுதான் அங்கே முறை. "மிதிக்கட்டுமா?" என்றால் "மிதி." வயிற்றைக் கட்டையில் அழுத்திக் குனிந்து, பாயை மடிப்பு மடிப்பாக இழுத்து, உள்ளே இருக்கும் காற்றை அடித்து வெளியேற்றிச் சுருட்டுவார்கள். அன்று சுருட்டி முடித்ததும் இடப்பக்கம் இருந்த கூட்டாளி "கட்டட்டுமா?" என்று கேட்டான். "கட்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். கரை தெரிந்துவிட்டது, மனசு லேசாக இருந்தது, வாயில் "சரி" என்று வந்துவிட்டது. மரம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. இடப்பக்கம் தாழ்ந்தது, கூட்டாளியின் கால் கயிற்றிலிருந்து நழுவியது. மூன்று படகுகள் இருட்டும்வரை தேடின.

கீழே இருந்த எல்லாருக்கும் அந்தச் சொல் கேட்டது. யார் வாயிலிருந்து என்றுதான் தெரியவில்லை. விழுந்தவன்தான் சொல்லியிருப்பான் என்று பேசி முடித்தார்கள். செத்தவன் மறுக்கப் போவதில்லை. உயிரோடு இறங்கியவனும் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கரைக்கு வந்த மறுநாள் முடிதிருத்தும் கடையில், கிருதாவைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு வாய் தவறி "சரி" என்றான். சுவர்க் கண்ணாடி ஒருபக்கமாகச் சரிந்தது. அதோடு அந்தச் சொல்லை விட்டான். உச்சிப் பாய் வேலையை விடவில்லை, உச்சிக்காரன் என்ற பெயரும் அவனோடு ஒட்டிக்கொண்டது.

ஆறு வருடம் கழித்து, துறைமுகத்துக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடியில் தையல் மெஷின் வைத்திருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். திரைச்சீலைக்கு நீலத் துணி எடுக்கலாமா என்றால் "எடு" என்பான். மற்றதற்கெல்லாம் "ம்", இல்லாவிட்டால் "பார்ப்போம்." பார்ப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது கல்யாணமான எல்லாருக்கும் தெரியும். சரியான அழுத்தக்காரன் என்று தெருவே சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். பன்னிரண்டு வருடம் போயிற்று, அவன் முழங்கால்கள் மாடிப்படியிலேயே முனக ஆரம்பித்தன.

கப்பல் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலையில் அவள் மெஷினை நிறுத்தினாள். "இனிமே நீங்க மேல ஏற வேண்டாம். சரின்னு சொல்லுங்க."

"ஆகட்டும்."

"ஆகட்டும்னு வீட்டு ஓனர்தான் சொல்வார், கூரை ஒழுகுதுன்னு போனா. எனக்கு சரின்னு ஒரு வார்த்தை வேணும். இல்லன்னா மெஷினைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

வெறும் மிரட்டல் இல்லை. மெஷினின் மேல்பாகத்தைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றவும் ஆரம்பித்தாள். அவள் போய்விட்டால் தனக்கு யாருமே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. துணி வெட்டும் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான். "அன்னிக்கு அந்த வார்த்தையைச் சொன்னது அவன் இல்ல. நான்தான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அழுதாள். முகம்கூடத் தெரியாத அந்தக் கூட்டாளிக்காக அழுதாள், இவனுக்காகவும் அழுதாள், பிறகு கோபம் வந்தது. "பதினெட்டு வருஷமா பழியை அவர் தலையில போட்டுட்டா இருந்தீங்க? அவருக்கு யாரும் இல்லையா?"

"அண்ணன் ஒருத்தர் இருக்கார். மீன் மார்க்கெட் பக்கம்."

"மொதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்றோம். நானும் வர்றேன். அப்புறம் நீங்க கப்பல் ஏறப்போறதில்ல. சரியா?"

"வீடு சரிஞ்சிடும்மா."

அவள் குண்டூசி டப்பாவைத் தரையில் இறக்கி வைத்தாள். ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் மறு கையால் அவன் சட்டையையும் இறுக்கிப் பிடித்தாள். "பிடிச்சுக்கிட்டேன். சொல்லுங்க."

"சரி" என்றான்.

வீடு தெருப்பக்கமாகச் சரிந்தது. நூல்கண்டுகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடின. யாரும் விழவில்லை. அன்று மத்தியானமே இருவரும் கோணலாகிப்போன படிகளில் கைகோத்து இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அவர் வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டார். பிறகு உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

இப்போது உச்சிக்காரன் ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது அந்தச் சொல்லைச் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் வீடு ஒரு நூலளவு சரிகிறது, அவளும் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். கீழ்வீட்டுக்காரர்கள் புகார் சொல்லி ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார்கள். அவர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் வீடு படுக்க எழுபது வருடமாவது ஆகும், அதற்குள் நீங்கள் எல்லாரும் படுத்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.