சியாமளாவின் சாம்பார் மேல் விழுந்த பழி

படுக்கையறை சீலிங்கில் பழுப்புக் கறை தெரிந்த அன்றே, அதற்குக் காரணம் சியாமளாவின் சமையல்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவன் கார்டன். அவள் கணவன் ரகுநாதனின் மேலதிகாரிக்கு மைத்துனன், வீட்டுத் தச்சுவேலை செய்கிறவன். கூரைக்கடியில் இருக்கும் அட்டிக்கில், குளிர் இறங்காமலிருக்கச் சட்டங்களுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சைத் திணித்து, மேலே பிளைவுட் பலகை அடித்து, பெட்டிகள் வைக்க இடம் பண்ணிக் கொடுத்ததும் அவன்தான். பேஸ்மென்ட்டில் எந்நேரமும் ஈரம். அதனால் சியாமளாவே ஆசைப்பட்டுச் சொல்லிச் செய்த வேலை அது.

"உங்கள் ஆட்கள் நாள் முழுக்க எதையாவது கொதிக்க வைக்கிறீர்கள். அந்த ஆவியெல்லாம் மேலே போய்த் தண்ணீராகிறது. நான் என்ன செய்ய முடியும்?" என்றான் கார்டன்.

"அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேன் ஆவியைச் சுவர் வழியாக வெளியேதான் தள்ளுகிறது. பின்பக்கம் போய்ப் பாருங்கள், அங்கே பனிகூட உருகிக் கிடக்கிறது" என்று சியாமளா ஆங்கிலத்தில் நிதானமாகத்தான் சொன்னாள்.

கார்டன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. ரகுநாதனைப் பார்த்துச் சிரித்தான். ரகுநாதனும் சிரித்தான்.

அந்த வார இறுதியிலேயே ஒரு மின்சார அடுப்பை வாங்கிவந்து காரேஜில் வைத்தான் ரகுநாதன். ஜனவரி மாதம், கனடாவின் ஸ்காபரோ குளிர். காரேஜ் கதவின் இடுக்கு வழியே காற்று வந்து காலைக் கடிக்கும். கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கடுகு தாளித்தாள் சியாமளா. கையுறையோடு வெங்காயம் நறுக்க முடியாது. கழற்றினால் விரல் மரத்துப்போகும். போதாக்குறைக்கு, "அந்தக் கோட்டைத் தனியா மாட்டு, என் கோட்டுக்கும் வாசனை ஏறுது" என்றான் அவன். வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் அதையும் சொன்னான்.

கறை மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

"சமையலறையில அடுப்பே பத்த வைக்கறதில்லையே, இப்ப ஏன் ஒழுகுது?" என்று கேட்டாள்.

"முன்னாடி சேர்ந்த ஆவியா இருக்கும்."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள்.

மேலே வைத்திருந்த பட்டுப்புடவைகளாவது தப்பட்டும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். ரகுநாதன் குளித்துக்கொண்டிருந்தான். அவன் குளியல் லேசில் முடியாது. சுடுதண்ணீர் தீர்ந்தால்தான் வெளியே வருவான்.

கூரையின் உட்புறம் முழுக்க ஆணி முனைகளில் பனி பூத்திருந்தது. ஒரு மூலையிலிருந்து புகை மாதிரி ஏதோ வந்தது. தீதான் பிடித்துவிட்டதோ என்று பதறிப்போய்ப் பக்கத்தில் தவழ்ந்தாள். புகையில்லை, ஆவி. குளியலறை ஃபேனிலிருந்து கூரைக்கு வெளியே போகவேண்டிய தகரக்குழாய், பலகை அடிக்கத் தடையாக இருந்ததென்று கழற்றிப் போடப்பட்டு, வாயைத் திறந்துகொண்டு அங்கேயே கிடந்தது. சோப்பு வாசனையோடு வெந்நீர் ஆவி அவள் முகத்தில் அடித்தது. இதுதான் கூரையில் பனியாக உறைந்து, பிறகு உருகிச் சொட்டியிருக்கிறது.

கீழே இறங்கி வந்து குளியலறைக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள்.

"தண்ணிய மூடாதீங்க. ஃபேனும் ஓடட்டும். அப்படியே வந்து மேல ஏறுங்க!"

துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறிய ரகுநாதன் நடுங்கியபடி நெடுநேரம் அந்தக் குழாயையே பார்த்தான்.

"இது... என்னோடதா?"

"பின்னே? சாம்பார் வாசனையா அடிக்குது?"

தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் கீழே வந்ததும், "கார்டன்கிட்ட பக்குவமா சொல்லிக்கறேன். ஆபீஸ்ல என் பாஸ் முகத்துல நான் முழிக்கணுமில்ல" என்றான். அதற்குமேல் சியாமளாவால் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்துக் கார்டனை அவளே கூப்பிட்டாள்.

அவன் வந்ததும் வழக்கம்போல ரகுநாதனிடம்தான் பேச்செடுத்தான். "குழாய் தானாகவே கழன்றிருக்கும்."

"தானாகக் கழன்ற குழாய் போகிற வழியில் யார் பலகை அடித்தது?" என்று இடைமறித்தாள் சியாமளா. "என்னைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். இது என் வீடு."

கார்டனின் காது சிவந்தது. ஏணியில் ஏறினான். பலகையைப் பெயர்த்து, குழாயை மாட்டி, கூரையோரத் துவாரங்களில் அடைத்திருந்த பஞ்சையும் இழுத்து, காற்றோட்டம் வரச் செய்தான். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. போகும்போது, "உன் மனைவிக்குக் கோபம் அதிகம்" என்று ரகுநாதனிடம் கண்ணடித்தான்.

இந்த முறை ரகுநாதன் சிரிக்கவில்லை. "அவள் சொன்னது சரி" என்றான். குரல் சன்னமாகத்தான் வந்தது, ஆனால் சொல்லிவிட்டான்.

காரேஜ் அடுப்பை அவனே தூக்கிவந்து ஓரமாக வைத்தபோது சியாமளா கேட்டாள்: "முதல் நாளே அவன் அப்படிச் சொன்னப்ப, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஊரான் சொன்னா வேதம். நான் சொன்னா?"

அவன் மென்று விழுங்கிக்கொண்டு இன்னொன்றையும் சொன்னான். சாம்பார் ஆவியில் வீடு ஒழுகுகிறதென்று ஆபீஸில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அந்தக் கதையை மேலதிகாரி வழியாகக் கார்டன் மட்டும் பரப்பவில்லையாம். இவனும் சேர்ந்துதான் சொல்லியிருக்கிறான்.

"அப்ப அங்கயே போய் நடந்ததைச் சொல்லுங்க. அதே ஆளுங்க முன்னாடி."

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் மேலதிகாரி உட்பட எல்லோரும் இருக்கும்போது, ஒழுகியது தன் குளியல் ஆவி என்றும், குழாயைக் கழற்றிப் போட்டது கார்டன் என்றும் ரகுநாதன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லையாம். மேலதிகாரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாராம்.

வீட்டுக்கு வந்து அவன் அதைச் சொன்னபோது, "சரி" என்றாள் சியாமளா. கோபம் முழுக்கத் தீரவில்லை. ஆனால் அன்று சமையலறை ஜன்னலில் ஆவி படியப் படிய, நிறையப் புளி ஊற்றிச் சாம்பாரைக் கொதிக்கவைத்தாள்.