பெனல்ட்டிப் பெட்டிக்குள் மாப்பிள்ளை

என் அண்ணன் மகன் கிருசாந்தன் பல்கலைக்கழக ஐஸ் ஹொக்கி அணியில் சேர்ந்தது இலவசப் பீட்சாவுக்காக. சறுக்கத் தெரியாது. சுவரைப் பிடித்தபடி பின்பக்கமாக மட்டும் போவான். பயிற்சியாளர் பார்த்தார். கோலைக் காக்கும் டிஃபென்ஸுக்குப் பின்பக்கமாகப் போகிறவன்தானே வேண்டும் என்று அங்கேயே நிறுத்திவிட்டார். நாலு வருடம் அப்படியே கழிந்தது. முன்னால் போக அவன் கடைசிவரை பழகவே இல்லை.

ஆறடி உடம்பு. இடித்தால் எதிரி சுவரில் ஒட்டுவான். இவனோ பந்துபோல் அடிக்கும் ரப்பர் வட்டைப் பறிக்கும் முன் "சொறி" என்று மன்னிப்புக் கேட்கிற ஆள். அணியில் தவறு செய்து, தண்டனைக்கு உட்காரவைக்கும் பெனல்ட்டிப் பெட்டிக்குள் போகாதவன் அவன் ஒருவன்தான். கடைசி ஆட்டத்தையும் அப்படியே முடித்தால் ஒரு கிண்ணம் உண்டு. கழகம் தொடங்கிய நாளிலிருந்து ஒருவருக்கும் கிடைக்காத கிண்ணம். அதற்காக அலுமாரியில் ஒரு தட்டையே காலியாக்கி வைத்திருந்தான், பேய்ப் பெடியன்.

அந்தக் கடைசி ஆட்டம் சனிக்கிழமை. பனித்தரை உருகிவிட்டதால் ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிறு காலை இல்பேர்ட் மண்டபத்தில் அவனுடைய அக்கா மேனுஷாவின் கலியாணம். கிருசாந்தன் மட்டையோடு ஆட்டத்துக்குப் போய்விட்டான்.

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை வாசலில் நிற்க, பெண்ணின் தம்பி தோழனாக வந்து கால் கழுவி உள்ளே அழைக்கவேண்டும். ஒன்றுவிட்ட தம்பிமார் நாங்கள் கழுவுகிறோம் என்று முண்டியடித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அருள்நாயகி மசியவில்லை.

"கூடப்பிறந்தவன் இருக்கேக்க வேற ஆள் ஏன்? என்ர பிள்ளை உள்ள வரமாட்டான்."

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. ஐஸ் மைதானம் மண்டபத்துக்குப் பின்தெருவில்தான். என் அண்ணன் செல்வரத்தினம் செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தலைப்பாகையோடு மாப்பிள்ளை கௌசிக், நாதஸ்வரம், தவில், சம்பந்தி வீட்டார் எல்லாரும் பின்னால் போனோம். ஐயர் மட்டும் ஓமத்தைக் காவல் காத்தார்.

அங்கே ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. மற்ற டிஃபென்ஸ்காரர்களுக்குக் காய்ச்சல், மாற ஆளில்லை. பெனல்ட்டி வாங்கிப் பெட்டிக்குள் போனால்தான் அவனுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் என்று பயிற்சியாளர் கையை விரித்தார். அண்ணன் கண்ணாடித் தடுப்பில் அடித்தார்.

"டேய்! ஆரையாவது விழுத்தடா!"

அவர் கையிலிருந்த போனில் மணக்கோலத்தில் மேனுஷா. நாலு வருடமாக இவன் ஆட்டம் பார்க்க வந்த ஒரே சனம் அவள்தான்.

"அப்பா, அவனை அப்பிடிக் கேக்காதேங்கோ. நான் இருப்பன்."

"முகூர்த்தம் இராது, பிள்ளை."

கிருசாந்தன் போனைப் பார்த்தான். பிறகு ஐஸ் ஓரத்தில் வெறுங்காலோடு நடுங்கிய மாப்பிள்ளையைப் பார்த்தான். கலியாணம் எக்கேடு கெட்டாலும் பெடியனை விடுங்கோ என்று கத்த எனக்கு வாய் வந்தது. சம்பந்தி வீட்டார் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

அவன் பின்பக்கமாகவே போய் எதிரணிக்காரன் ஒருவனிடம் "சொறி" என்றான். வட்டைத்தான் கேட்கிறான் என்று நினைத்து மற்றவன் நின்றான். இவன் மட்டையை அவன் காலுக்குள் விட்டு ஒரே இழுவை. விசில் ஊதியது. விழுந்தவனைத் தூக்கிவிட்டு, தானாகவே பெட்டிக்குப் போனான்.

கெட்டிமேளம் கொட்ட, கௌசிக் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் ஏறி நின்றார். கிருசாந்தன் கையுறைகளைக் கழற்றிவிட்டு, ஹெல்மெட்டோடு முழந்தாளிட்டுச் செம்பைச் சரித்தான்.

அந்த நேரம் பார்த்து, இவன் காவல் நின்ற பக்கத்தால் ஒருவன் புகுந்து கோல் போட்டுவிட்டான். எதிரணி துள்ளிக் கூத்தாடியது. தவில்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். இவன் மட்டும் நிமிரவில்லை. மாப்பிள்ளையின் மற்றக் காலை எடுத்துக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டான்.

"தண்ணி குளிருதோ, அத்தான்?" என்று கேட்டான்.