உப்பளச் சாலையின் புகை

மரக்காணத்து உப்பளச் சாலையில், பகல் இருக்கும்வரை எந்தச் சாப்பாட்டுக் கடையின் அடுப்பும் அணையக் கூடாது. தம் அடுப்பைத் தம் கையாலேயே அணைப்பதென்பது நினைத்தும் பார்க்க முடியாதது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மீறியவரும் இல்லை. மரமோ மேடோ மறைக்காத அந்த வெளியில், உப்பேற்ற வரும் லாரிக்காரர்களின் கண்ணில் முதலில் படுவது புகைதான். புகையில்லாத கடை அவர்களைப் பொறுத்தவரை செத்த கடை. ஒருநாள் தாண்டிப் போன வண்டி மறுநாளும் தாண்டியே போகும். மலர்கொடியின் மாமியார் இறந்த அன்றுகூட, பக்கத்துக் கடை ராசம்மாள் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து, மலர்கொடியின் அடுப்பில் சவுக்குக் கட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். குண்டானில் வெறும் தண்ணீர்தான் கொதித்தது. ஆனாலும் புகை தவறாமல் எழுந்தது. அடுத்தவர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்காமல் இருப்பது அந்த வழக்கத்தின் மறுபாதி.

தொற்றின் இரண்டாம் அலை வந்தபோது கடைகளில் பார்சல் மட்டும் என்று உத்தரவாயிற்று. லாரிகள் குறைந்தன. வந்த ஒன்றிரண்டின் ஓட்டுநர்களும் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தின்று, இறங்காமலே போனார்கள். அப்படியும் விடியற்காலையில் ஒன்பது கடைகளிலிருந்தும் புகை எழுந்துகொண்டுதான் இருந்தது. மலர்கொடி இட்லிக் குண்டானில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாள். மாவாட்டி வெகுநாளாகியிருந்தது. ராசம்மாள் கடைப் பக்கமிருந்தும் ஆவி வந்தது; வேகிற மாவின் வாசனை வரவில்லை. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில்தான் பேரூராட்சி, தொற்றால் நின்றுபோன சிறுகடைகளுக்குத் தன் பொதுநிதியிலிருந்தே உதவித்தொகை கொடுப்பதென்று முடிவெடுத்தது. வரியும் வாடகையும் வராத காலத்தில், கடைக்காரர்கள் எழுந்து நின்றால்தான் ஊரும் எழுந்து நிற்கும் என்று நம்பித் தன் பெட்டியைத் திறப்பது சாதாரணத் துணிவன்று. அந்தத் துணிவு செயல் அலுவலர் வைஜெயந்தியுடையது. கிருமிநாசினி தெளிக்கும் ஆட்களோடு வெயிலில் தெருத்தெருவாக நடந்தவர் அவர். எந்தக் கடையின் கதவு எத்தனை நாளாகத் திறக்கவில்லை என்பதை நடந்தே தெரிந்துவைத்திருந்தார்.

ஆனால் கணக்கெடுக்க ஆள் வந்த நாளில் உப்பளச் சாலை முழுக்கப் புகை. ஒன்பது கடைகளும் ‘இயங்குகின்றன’ என்று எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் பிழையில்லை; கண்டதை எழுதினார். தங்கள் மானத்தைக் காக்கக் கிளப்பிய புகையே தங்களைப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிட்டதென்று மலர்கொடிக்குத் தெரிந்தபோது, அவள் தன் கிரைண்டருக்கு விலை பேசி முடித்திருந்தாள். வாங்குகிறவர் கோட்டக்குப்பத்துக்காரர், சாயங்காலம் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். கிரைண்டர் போனால் கடையும் போனதுதான். ஊரடங்கு முடிந்து லாரிகள் திரும்பும்போது அவள் உப்பளத்தில் கூலிக்கு நிற்க வேண்டியிருக்கும்.

அன்று காலை வைஜெயந்தி தாமே வந்தார். சாலையின் தலைமாட்டில் இருந்த சுப்ராயனின் டீக்கடையில் முதலில் நின்றார்.

“சூடா ஒரு டீ குடுங்க.”

“இப்பதான் மேடம் பால் தீந்துது. ஒரு லாரி ஆளுங்க வந்து மொத்தமா குடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

“எந்த லாரி?”

சுப்ராயன் சாலையை இரு பக்கமும் பார்த்தார். வெறிச்சென்று கிடந்தது. “அது… பெரிய லாரி மேடம்.”

முகக்கவசத்துக்கு மேலே வைஜெயந்தியின் கண்கள் சிரித்தன. அடுத்து ராசம்மாளிடம் இரண்டு இட்லி பார்சல் கேட்டார்.

“அய்யய்யோ, கடைசி ஈடு இப்பதானே போச்சு! செத்த முன்னாடி வந்திருக்கக் கூடாதா மேடம்?”

மலர்கொடியின் கடைக்கு வந்தபோது அவளும் “இப்பதான்…” என்று தொடங்கினாள். முடிக்காமல் பெஞ்சைத் துடைத்துவிட்டாள்.

வைஜெயந்தி பெஞ்சின் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் இட்லிக் குண்டானின் மூடி ஆவியில் தடதடத்துக்கொண்டிருந்தது.

“உள்ள என்ன கொதிக்குதுன்னு எனக்குத் தெரியாம இல்லம்மா,” என்றார் தணிந்த குரலில். “நான் மூடியத் திறந்து பாத்தா, அது உங்களுக்கு அவமானம். பாக்காமலே நானா எழுதிட்டா, எரியிற அடுப்புக்கு எதுக்குக் குடுத்தேன்னு ஆடிட்டுல கேப்பாங்க. அப்புறம் உங்ககிட்டயே திருப்பி வாங்குவாங்க. நீங்களா சொல்லுங்க, எழுதிக்கிறேன். பட்டியல் இன்னைக்கு மத்தியானம் மேல போவுது. கடைசிக் கடை வரைக்கும் போயிட்டு இந்த வழியாத்தான் வருவேன்.”

அவர் எழுந்து போனார். ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய மூடி அது. அதிகாரம் கையிலிருந்தும் அதைத் தொடாமல் போன அந்தக் கையை மலர்கொடி நெடுநேரம் நினைத்துக்கொண்டு நின்றாள். தன் மாமியார் இறந்த அன்று விறகு தள்ளிய கை காட்டிய மரியாதையே அதிலும் இருந்தது.

ராசம்மாளும் சுப்ராயனும் வந்து சேர்ந்தார்கள்.

“ஏம்மா மலரு, யாராவது ஒருத்தர் வாயத் தொறந்தா மத்தவங்களும் தொறப்பாங்க இல்ல?” என்றார் சுப்ராயன்.

“நீயே தொறயேன், பெரிய லாரி!” ராசம்மாள் சீறினாள். “நாளைக்கு லாரிக்காரன் காதுல விழுந்தா ஒருத்தன் வண்டிய நிறுத்துவானா?”

மலர்கொடிக்கும் அந்தப் பயம்தான். ராசம்மாள் அவளுடைய கிரைண்டரைப் பார்த்தாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, “கோட்டக்குப்பத்து ஆளு எப்படி வர்றான்? வண்டி பெரிசா?” என்று கேட்டாள்.

“உனக்கு எப்படிக்கா தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லலியே.”

“ரெண்டு கிரைண்டரு ஏறணும் இல்லடி? அதான் கேட்டேன்.”

சுப்ராயன் தலையைக் குனிந்துகொண்டார். மலர்கொடி ராசம்மாளின் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. அதன் மேலிருந்த குண்டானிலும் வெறும் தண்ணீர்தான்.

கடைசிக் கடை வரை போய்விட்டு வைஜெயந்தி திரும்பி வந்துகொண்டிருந்தார். நடை தளர்ந்திருந்தது, அங்கும் எவரும் எதையும் சொல்லவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

மலர்கொடி பாத்திரம் கழுவ வைத்திருந்த வாளியை இரு கையாலும் தூக்கினாள்.

“அடியே, என்ன பண்றே? பகலுடி!” ராசம்மாள் ஓடி வந்தாள்.

“தெரியும்க்கா. பகல்ல பண்ணாத்தான் எல்லாரும் பாப்பாங்க.”

வாளித் தண்ணீர் முழுவதும் அடுப்புக்குள் இறங்கியது. சீறலோடு சாம்பல் கிளம்பி அவள் முகத்திலும் புடவையிலும் படிந்தது. ஒன்பது புகைகளில் ஒன்று, உப்பளமெல்லாம் பார்க்க, பாதியில் அறுந்தது. கடைவாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் குண்டானை இறக்கிச் சாலையோரம் வரை இழுத்து வந்து, மூடியைத் தன் கையாலேயே எடுத்தாள்.

“மேடம்,” என்றாள், கடைசிக் கடைக்கும் கேட்கும்படி. “வெறும் தண்ணி. மாவாட்டி மாசமாச்சு. என் கடை நின்னுபோச்சு, எழுதிக்குங்க.”