மீதி ஒன்றரை வருஷம்

பந்தை இடது தோளில் ஒருமுறை துடைத்துவிட்டு வளையத்தை அண்ணாந்து பார்க்கிறான், பாவி, அச்சு அசலாக அவனேதான் என்று ஜெபராணி இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள், கூடைப்பந்து மைதானத்தின் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்பது இந்த வருஷம் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு வந்து சேர்ந்த ராசிபுரத்துப் பையன் யுகேந்திரன், ஆனால் அவள் கண்ணுக்குள் நிற்பவன் இருபது வருஷத்துக்கு முன்னால் இதே கோட்டில் இதே மாதிரி பந்தைத் துடைத்த டெரன்ஸ், இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் படிந்து, விலகி, மறுபடி படிகிறார்கள், பந்து வளையத்தில் இடித்து வெளியே வருகிறது, இரண்டாவதும் அப்படியே, காலரியில் ஒரு சத்தம் கிடையாது, ஒரு ‘ச்சே’கூடக் கிடையாது, மூன்றாம் படியில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அது இந்த ஊர் வழக்கம், புதுப் பையன்கள் பழைய மாணவர் அணியோடு மோதும் வருஷத்தின் முதல் ஆட்டத்தில், காலரியின் மூத்த ரசிகர் ஒரு பையனுக்குக் கைதட்டிய பிறகுதான் மற்றவர்கள் அவனுக்குத் தட்டலாம், அந்தத் தட்டு கிடைக்காதவன் எத்தனை பாயிண்ட் போட்டாலும் ஊருக்கு அந்நியன்தான், ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள் என்பதால் அந்த உரிமை தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காரும் ஜெபராணிக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கையெழுத்தையும் இரண்டு தடவை பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி, இந்தக் குணம் கவுண்டரில் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று கணவர் செல்வின் கேலி செய்வார், இரண்டும் இல்லை, டெரன்ஸ் போனபிறகு வந்தது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தூத்துக்குடியிலிருந்து வந்தவன் டெரன்ஸ், புதுப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு ரசிகர்கள் வீட்டில்தான், ஆளுக்கொரு வீடு, மூன்று வருஷமும் அதே வீடு, அவன் ஜெபராணி வீட்டுக்கு வாய்த்தான், அவளுக்குப் பிள்ளை இல்லை, அதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டைத் தூக்கித் தள்ளிக்கொண்டு அக்கா என்று கத்தியபடி வருவான், ரசத்தை முதலில் டம்ளரில் வாங்கிக் குடிப்பான், இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்க்கா என்பான், ஒன்றரை வருஷம் அப்படி வந்தான், அப்புறம் ஒரு ஞாயிறு வரவில்லை, பையனுக்குக் காய்ச்சலோ என்னவோ என்று செல்வின் டிபன் கேரியரில் பிரியாணியைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகிறார், கட்டில் காலி, சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க் கல்லூரிக்குப் போய்விட்டான், டிபன் கேரியர் சூடு ஆறாமல் திரும்பி வருகிறது, அடுத்த வருஷ இறுதியாட்டத்தில் அவர்கள் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு இதே கோட்டில் நின்று, இடது தோளில் பந்தைத் துடைத்து, நம்மைத் தோற்கடித்த பந்தை அவன்தான் போட்டான், காலரி முழுக்க அவனை வைதது, அவள் வையவில்லை, கையைக் கட்டினாள், கட்டிய கை இன்னும் சரியாக அவிழவில்லை.

இப்போது யுகேந்திரன் வருகிறான், ஆறடி ஐந்தங்குல உயரம், காலரிக்குத் தலைகால் புரியவில்லை, இந்தத் தடவை கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டது மாதிரியே பேசுகிறார்கள், பஸ் ஸ்டாண்டில் வாட்ச் கடை வைத்திருக்கும் முபாரக் அண்ணன் மட்டும் ராணி, இவன உன் வீட்டுக்கே விட்ருக்காய்ங்க, பாத்துக்க என்று சிரிக்கிறார், அவள் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள், முதல் ஞாயிறே அவன் கேட்டைத் தூக்கித் தள்ளினான், தூக்கினால்தான் அது திறக்கும் என்று இவனுக்கு யார் சொன்னது, கை கழுவப் பின்பக்கக் குழாய்க்கு வழி கேட்காமல் போனான், எதைக் கேட்டாலும் இல்லீங்க்கா, ஆமாங்க்கா, அதற்குமேல் ஒரு சொல் கிடையாது, இத்தனை அடக்கம் எதற்கு, மடியில் கனம் இல்லாதவன் இப்படியா குனிந்து சாப்பிடுவான். மைதானத்தில் பயிற்சியின்போதும் அதேதான், வளையம் திறந்து கிடந்தாலும் தான் எறியாமல் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறான், யாருக்காக ஆட்டத்தை மறைத்து வைக்கிறான் என்று அவள் குடைந்துகொண்டிருந்தபோதுதான் முபாரக் அண்ணன் கடையிலிருந்து போன் செய்தார், ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் பேக்கரி வாசலில் டெரன்ஸ், தொப்பை போட்டு, முன்தலை ஏறி, இப்போது அந்த எதிர்க் கல்லூரியின் கோச், யுகேந்திரன் தோளில் கை போட்டு ஒரு ஷூ பெட்டியைக் கொடுக்கிறான், பையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறான். போதாதா, அன்று மாலை காலரியில் இவனும் போறவன்தான் என்று அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள், அது படிக்குப் படி இறங்கி உடற்கல்வி இயக்குநர் காதுவரை போய்விட்டது, இன்று ஆட்டம் தொடங்கும் முன் அவரே வந்து குனிந்து, மேடம், பையன் ஒதுக்கீட்டில் வந்தவன், போட்டிக்கு நாளைக்கு நான் அணியை அறிவிக்கணும், காலரிக்கு வேண்டாம்னா விட்டுடறேன், அணியில இல்லன்னா சீட்டும் நிக்காது, பாத்துச் சொல்லுங்க என்றார், அவள் தலையை மட்டும் ஆட்டினாள், காலில் அந்தப் புது ஷூவோடுதான் ஆடுகிறான், துணிச்சலைப் பார்.

இடைவேளையில் அவள் எழுந்தாள், ஆட்டம் நடக்கும் நாளில் அவள் படியிறங்கி மைதானத்துக்குள் போய் யாரும் பார்த்ததில்லை, தண்ணீர் டிரம் பக்கத்தில் தனியாக நின்றவன் டம்ளரை வைத்துவிட்டு நேராக நின்றான், உன்ன எப்ப கூட்டிட்டுப் போறான் என்று கேட்டாள், யாருங்க்கா என்றான், டெரன்ஸ் என்றாள், அந்தப் பேரைச் சொல்லி எத்தனை காலமாயிற்று, நாக்கில் அது இன்னும் வீட்டுப் பையன் பேராகவே இருந்தது, அதில் அவளுக்கே எரிச்சல். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது, கூட்டிட்டுப் போகலீங்க்கா, அவருதான் என்னைய இங்க அனுப்புனாருங்க, நான் அவரு காலேஜுக்குத்தான் செலக்‌ஷனுக்குப் போனேன், சாப்பாட்டுக்கு ஒரு வீடு கிடைக்கும், கேட்டைத் தூக்கித் தள்ளு, என் பேர மட்டும் எடுக்காத, எடுத்தா அந்தக்கா சோறு போடமாட்டாங்கன்னாருங்க. எதுக்கு அனுப்புனான் என்றாள். பையன் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். நான் அங்க மூணு வருஷத்துக்கு வந்தவன், ஒன்றரை வருஷம்தான் ஆடுனேன், மீதி ஒன்றரை வருஷத்த நீ போய் ஆடுன்னு சொன்னாருங்க, ஏன் போனீங்கன்னு கேட்டேன், காரணம் இருக்கு, அக்காவுக்குக் காரணம் பிடிக்காதுன்னுட்டாருங்க.

அவள் படியேறி வந்து மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள், புத்தி சும்மா இருக்குமா, இவ்வளவு உயரத்தில் ஒரு பையன் கிடைத்தால் எந்தக் கோச் எதிராளிக்குத் தூக்கிக் கொடுப்பான், அழுதால் நம்பிவிடுவாளா, சொல்லிக்கொடுத்துத்தானே அனுப்பியிருப்பான், தோளில் துடைக்கவும் அவன்தானே பழக்கியிருப்பான், இதில் என்ன வில்லங்கம் இருக்கிறதோ, ஆனால் கேட்டைத் தூக்கித் தள்ள வேண்டும் என்பதை ஒருவன் இருபது வருஷம் மறக்காமல் வைத்திருக்கிறானே, எதிராளிக்கு வலை விரிக்க அது எதற்கு, செல்வின் இருந்தபோதே இதைச் செய்திருந்தால் என்ன, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போன மனுஷன் போன வருஷம்வரை உயிரோடுதானே இருந்தார். விசில் சத்தம், யுகேந்திரனை யாரோ இடித்துத் தள்ள மறுபடி இரண்டு ஃப்ரீ த்ரோ, காலரி ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கிறது, கீழே உடற்கல்வி இயக்குநரும் அவளைத்தான் பார்க்கிறார், முதல் பந்தை எறிகிறான், வளையத்தின் விளிம்பில் விழுந்து, எழும்பி, ஏமாற்றி, வெளியே போகிறது. பாத்திங்களாண்ணே, மூணு எறிஞ்சு மூணும் வெளிய, அதான் டெரன்ஸ் நமக்குத் தள்ளிவிட்ருக்கான் என்று முபாரக் அண்ணனிடம் சொன்னாள், சொல்லிக்கொண்டே தட்டினாள், தவறிப்போன பந்துக்குக் கைதட்டலா என்று காலரி ஒரு நொடி திகைத்தது, பிறகு வழக்கம் வழக்கம்தான் என்று படிப்படியாகத் தட்ட ஆரம்பித்தது, பழைய மாணவர்கள் இதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள், யுகேந்திரனும் அப்படித்தான் பயந்து மூன்றாம் படியை நிமிர்ந்து பார்த்தான், அங்கே அவள் அழுதுகொண்டே தட்டிக்கொண்டிருந்தாள், இன்னொன்று பாக்கி இருக்கிறது, அவன் பந்தை வாங்கி இடது தோளில் துடைக்கிறான், இப்போது கோட்டில் ஒரே ஒருவன்தான் நிற்கிறான், இதுவும் விழாது என்றுதான் அவளுக்குச் சந்தேகம், ஆனாலும் கை நிற்கவில்லை.